இருபத்துநாலில் ஒரு பங்கு

தூங்கிரு சாமி, என்று சிந்துஜா சொன்னாள், சொன்ன மாத்திரத்தில் யாருக்குச் சொல்கிறோம் என்று தோன்றியது, காது கேட்டால்தானே சொல் போய்ச் சேரும், கேட்காவிட்டால் இந்தச் சாமியும் அம்மிணியும் ராசாத்தியும் தன் வாயில் பிறந்து தன் காதிலேயே விழுந்து மடிகிறவை, ஆனாலும் வாய் நிற்கவில்லை, தூங்கிரு கண்ணு, தூங்கிரு. தோளில் ஆதிரை கண்களை அகல விரித்து, கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதக் குழந்தைக்கு இவ்வளவு விழிப்பு எங்கிருந்து வருகிறது? விடியற்காலை நாலு மணியிலிருந்து தூங்கவிடாமல் வைத்திருந்து கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். அப்படியே வைத்திருந்தாள், கண் சொருகும்போதெல்லாம் ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்து, முகத்தில் ஊதி, கொலைகாரி மாதிரி. இப்போது தூங்கலாம் தூங்கலாம் என்று ஆஸ்பத்திரியே காத்திருக்கும்போது தூக்கம் போன இடம் தெரியவில்லை. அந்தச் சின்ன அறைக்குள் எல்லாம் தயாராக இருந்தது. நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் கம்பி ஒட்டி, காதுக்குள் டிக் டிக் டிக் என்று சத்தம் விட்டு, மூளை அதற்குப் பதில் சொல்கிறதா என்று கணினியில் கோடு போட்டுப் பார்ப்பார்கள். குழந்தை அசையாமல் தூங்கினால்தான் கோடு தெளிவாக வரும். ஒரு மணி வரைக்கும் பார்ப்போம், தூங்கலேன்னா அடுத்த புதன்கிழமைதான், என்று சொல்லிவிட்டு சோதனை எடுக்கிற நஸ்ரீன் மேடம் உள்ளே போயிருந்தாள். இப்போது மணி பன்னிரண்டு ஐந்து. அடுத்த புதன் என்றால் இன்னும் ஏழு நாள். ஏழு நாளும் குக்கர் விசில், ஏழு நாளும் தொட்டிலுக்குப் பின்னால் நின்று கரண்டியால் தட்டைத் தட்டிப் பார்ப்பது, திரும்பினாளா, திரும்பவில்லையா, திரும்பியது சத்தத்துக்கா, நிழல் ஆடியதற்கா. பிறந்த மறுநாள் சோதித்தபோதும் ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோதும் ஆதிரை அழுதுகொண்டே இருந்ததால் இரண்டு காதிலும் சரியாக வரவில்லை என்றார்கள். காதில் தண்ணி இருந்தாலும் இப்படிக் காட்டும், பயப்படாதீங்க. பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்துதான் சிந்துஜாவுக்குப் பயம் ஆரம்பிக்கும்.

தாழ்வாரத்தில் டைல்ஸ் இருபத்தெட்டு. சோதனை அறைக் கதவிலிருந்து, சிவப்பு மணல் வாளி தொங்கும் சுவர் வரைக்கும். ஒவ்வொன்றும் அறுபது சென்டிமீட்டர், அதை அளக்கத் தேவையில்லை, அவள் கண்ணுக்கு அது பழக்கம். இருபத்தெட்டை அறுபதால் பெருக்கினால் பதினாறு மீட்டர் எண்பது. மனசு தானாகவே அதை, அவள் வீட்டில் செய்கிற மாதிரி வண்டியின் கணக்குப்படி, இருபத்துநாலால் பெருக்கிப் பார்த்தது, நானூற்று மூன்று மீட்டர் சொச்சம், கால் மைலுக்கு ஒரு மீட்டர் அதிகம். கால் மைல்! தான் நடந்துகொண்டிருப்பது, இரண்டு வண்டிகள் நேர்கோட்டில் கால் மைல் பாய்கிற டிராக் ரேஸ் ஓடுதளம், இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில். நிஜ வண்டிகள் பதினோரு விநாடியில் கடக்கிற தூரத்தை அவள் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருபது முறை கடந்துவிட்டாள். சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் அடுக்குமாடிகளுக்கு மாடல் செய்துகொண்டிருந்தவள் அவள், கடற்பஞ்சை உதிர்த்து மரம் செய்வாள், நெகிழித் தகட்டைக் கீறி பால்கனி செய்வாள், அந்த வீடுகளில் ஒன்றிலும் ஆள் இருக்கமாட்டார்கள். கல்யாணமாகி வந்த வீட்டில் புருஷன் லோகநாதனுக்கு லேத் பட்டறை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பழைய பச்சைப் பத்மினி காருக்குப் பெரிய எஞ்சினைத் திணித்து ஓட்டப்பந்தயத்துக்குத் தயார் செய்வது. அதைப் பார்த்த முதல் நாளே, அதை இருபத்துநாலில் ஒரு பங்காகச் செய்து பார்க்க அவளுக்கு விரல் துறுதுறுத்தது. கடையில் டப்பாவில் விற்கும் மாடலை வாங்கி ஒட்டுகிற வேலை இல்லை, ஒவ்வொன்றையும் தானே உண்டாக்குவது. பால்பேனா ரீஃபில் வெட்டி எஞ்சின் மேல் நிற்கும் காற்றுக் குழாய்கள், சால்டர் ஈயக் கம்பியை வளைத்துப் புகைக்குழாய், ஊசிபோட்ட சிரிஞ்சின் முனையை அராவி எடுத்துவிட்டுப் பெட்ரோல் பைப், ஓட்டுநரின் வார்ப்பட்டைக்குப் பழைய கேசட்டின் நாடா. கான்வென்ட்டில் தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் அக்னெல்லா, துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் மார்க் போடுவார், அந்தப் பயத்தில் பழகிய கை இது, யாரும் பார்க்காத அடிப்பக்கத்திலும் நட்டு போல்ட்டு எல்லாம் இருக்கும். லோகு அதைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்து, ஏன் சிந்து, என்னோட வண்டியிலயே இத்தன சுத்தம் இல்லியே, என்பான். அது ஒரு சந்தோஷம். ரொம்பச் சின்னது, உள்ளங்கையில் அடங்குகிற அளவு, ஆனால் பின்பக்கமும் முடித்த சந்தோஷம். அதுதானே எல்லாவற்றையும் கொண்டுவந்து விட்டது, இந்தத் தாழ்வாரத்தில்.

"குடு, நா கொஞ்ச நேரம் நடக்கறேன்," என்றான் லோகு, இரும்புப் பெஞ்சில் பால் பாட்டிலும் துணிப்பையுமாக உட்கார்ந்திருந்தவன்.

"வேண்டாமுங்க. கை மாறுனா முழிச்சுக்குவா."

"இப்ப என்ன தூங்கிட்டா இருக்கறா? ஃபேனை எண்ணிட்டு இருக்கறா. உன்ன மாதிரியே."

அறை வாசலில் மாப்பு போட்டுக்கொண்டிருந்த ஆயா பழனாத்தாள் சிரித்தாள். "இங்க வர்ற புள்ளைக அத்தனையும் இப்படித்தானுங்க. வூட்ல கும்பகர்ணன், இங்க வந்தா கச்சேரி. நீ ஒரு பாட்டுப் படி கண்ணு. வாயில கொழுக்கட்டையா?"

பாட்டு. கேட்காத பிள்ளைக்குப் பாட்டா, என்று தொண்டை வரை வந்ததை சிந்துஜா விழுங்கிக்கொண்டாள். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். சொல்லாதவரை இன்னும் கோடு வரவில்லை, கோடு வராதவரை ஆதிரைக்குக் காது கேட்கவும் செய்கிறது கேட்காமலும் இருக்கிறது, அடுத்த புதன் வரை கூட அப்படியே இருக்கட்டும் என்று ஒரு நொடி ஆசைப்பட்டாள், உடனே அந்த ஆசைக்கு வெட்கப்பட்டாள். பதினான்காவது டைலில் திரும்பினாள், வழக்கமாகத் திரும்புகிற இடம் அதுவல்ல. காலையில் படிவம் நிரப்பும்போது நஸ்ரீன் மேடம் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டே போனாள், சொந்தத்தில் கல்யாணமா, பிறந்ததும் மஞ்சள் காமாலை இருந்ததா, கர்ப்பத்தில் காய்ச்சல், அம்மை, ஏதாவது மாத்திரை. அப்புறம், மில்லுல பட்டறைல வேலை பார்த்தீங்களா, மாசமா இருக்கறப்போ ரொம்பப் பெரிய சத்தத்துல நின்னீங்களா? லோகுதான் முந்திக்கொண்டான், பட்டறைல இருக்கறது நானுங்க மேடம், இவ வூட்டுக்குள்ள உக்காந்து பொம்மைக் காரு செய்யறவ. மேடம் சிரித்தாள். சிந்துஜாவும் சிரித்தாள். இல்லைங்க, என்றாள். பேனா அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தது. அந்தக் கோடு சத்தமே போடவில்லை, ஆனால் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கான்வென்ட்டில் மாத முதல் வெள்ளிக்கிழமை கத்தோலிக்கப் பிள்ளைகளை எல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்கு, கூண்டுக்குள் இருக்கும் பாதிரியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லிவர, வரிசையாக அனுப்புவார்கள், மற்றப் பிள்ளைகள் வெளியே பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வகுப்புத் தோழி ஜெஸிமா உள்ளே போகும்போது முகம் சுண்டிப்போய் இருக்கும், வரும்போது தலைக்குக் குளித்த மாதிரி இருக்கும். மூணே மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னாருடி, அவ்வளவுதான், என்பாள். அந்த வயதில் சிந்துஜாவுக்கு அந்தக் கூண்டின் மேல் பொறாமை. பாவம் என்று சொல்ல அப்போது கைவசம் ஒன்றும் இல்லை, டிபன் டப்பாவில் இருந்ததைக் காக்காய்க்குப் போட்டது தவிர. இப்போது இருக்கிறது. கூண்டு இல்லை. பெஞ்சு மட்டும் இருக்கிறது, இரும்புப் பெஞ்சு, அதில் ஒன்றுமறியாமல் புருஷன் உட்கார்ந்திருக்கிறான்.

ஆதிரை முனகினாள். தோளில் எச்சில் ஈரம் பரவியது. இந்த உடம்பு எவ்வளவு சூடு, எவ்வளவு முழுசு, குதிகாலில் கூட ரேகை இருக்கிறது, யார் செய்தது, எந்த உளியால், அடிப்பக்கம் கூட முடிந்திருக்கிறது, நான் செய்ததில் இதுதான் நிஜ அளவு, ஒன்றுக்கு ஒன்று, இதில்தான் தப்பு வைத்துவிட்டேன். பத்மினியை நிறுத்திவைத்த வண்டியாகச் செய்ய அவளுக்குப் பிடிக்கவில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், கண்காட்சியில் நிற்கிற மாதிரி. பச்சை விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் செய்யவேண்டும் என்று பிடிவாதம். முன்சக்கரம் தரையை விட்டு நாலு விரற்கடை எழும்பும். பின்சக்கரம் தரையைக் கவ்வும், எஞ்சினின் இழுப்பு முழுதும் அந்த அகலமான, காற்றுக் குறைத்த டயரில் இறங்கும்போது அதன் பக்கவாட்டு ரப்பர் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருங்கும், மறுகணம் விரிந்துவிடும். போட்டோவில் எடுத்தால் மங்கல். வீடியோவில் புகை. எத்தனை மடிப்பு, மடிப்பு நேராக விழுகிறதா சாய்ந்து விழுகிறதா, தெரியாமல் எப்படிச் செய்வது? தெரியாததைச் செய்தால் சிஸ்டர் அக்னெல்லா திருப்பிப் பார்ப்பார். அதனால்தான் போனாள். ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்து எட்டாம் நாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், பாப்பாவுக்குச் சத்தம் கேக்கட்டும், அதுக்குத்தான் போடறது, என்று அத்தை ஒவ்வொன்றாகச் சோப்பு நுரை தடவி ஏற்றிவிட்டது. ஊருக்கு வெளியே இருந்த பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம். லோகு நேரம் குறிக்கிற முடிவுக் கோட்டில் நின்றான், இவளைப் பந்தலுக்கடியில், தண்ணீர் கேன் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு. பத்மினியின் முறை வந்ததும் எழுந்தாள். பட்டறையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் காதுமூடியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள், புறப்படும் கோட்டுக்குப் பக்கவாட்டில், தடுப்புச் சுவர் வரைக்கும். சுவர் அவள் வயிற்றின் உயரம். வயிறு அதைத் தொட்டது. காதை மூடியிருந்தாள். தன் காதை.

மேலே யோசிக்காதே. டைலை எண்ணு. ஒன்பது, பத்து. வயிற்றுக்குள் இருந்ததற்கும் காது இருந்தது, ஏழு மாதத்தில் காது முழுசாக வந்துவிடும், அதற்கு யார் மூடி போட்டது? பச்சை விளக்கு. டயர் சுருங்கியது, அவள் பார்த்தாள், கடவுளே எவ்வளவு அழகாக இருந்தது, எண்ணினாள், ஏழு, ஏழு மடிப்பும் முன்பக்கம் சாய்ந்து, அவள் வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்த வாய்க்குள் சத்தம் புகுந்தது. காது வழியாக வரவில்லை அது. சுவர் வழியாக, எலும்பு வழியாக, வயிறு வழியாக வந்தது. கையை அசைக்காமலே வளையல்கள் தாமாகச் சிலுசிலுத்தன. உள்ளே குழந்தை துள்ளியது. உதை இல்லை, உதை அவளுக்குத் தெரியும், இது ஒரு சுருங்கல், கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி. அப்புறம் சாயங்காலம் வரை அசைவே இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தாள், மிட்டாய் தின்றாள், இடதுபக்கம் சாய்ந்து படுத்தாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல ஒரு நெளிவு வந்தது, அப்போது வந்த அழுகையைப் பிரசவ பயம் என்று அத்தை எடுத்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. மேசையில் பத்மினி இன்றுவரை பின்சக்கரம் இல்லாமல் இரண்டு தீப்பெட்டிகளின் மேல் நிற்கிறது, டயருக்குச் சரியான சாமான் கிடைக்கலீங்க, என்று லோகுவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சாமான் கிடைத்தது, எம்-சீல் பசையைப் பிசைந்து எட்டு முறை செய்தாள், எட்டு முறையும் சரியாக ஏழு மடிப்பு வந்தது, எட்டு முறையும் உலர்வதற்குள் நசுக்கிப் போட்டாள்.

"மணி பன்னெண்டரை ஆச்சு," என்று லோகு எழுந்து வந்தான். கூடவே நடக்கத் தொடங்கினான், அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு. "காப்பி வாங்கியாரட்டுமா?"

"நா சொவுத்துகிட்ட நின்னனுங்க."

"எந்தச் சொவுரு?"

அவன் முகத்தைப் பார்க்காமல், எதிரே மணல் வாளியைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தினால் குழந்தைக்கு வரப்போகிற தூக்கமும் போய்விடும் என்பதால் ஒரே தணிந்த சுருதியில், சிந்துஜா சொல்லத் தொடங்கினாள். பந்தலில் உட்காரவில்லை என்பதை, காதுமூடியை, வயிறு சுவரில் பட்டதை, வளையலை, அந்தச் சுருங்கலை, சாயங்காலம் வரை அசையாமல் கிடந்ததை, காலையில் படிவத்தில் இல்லை என்றதை. ஒரு தடவை போய், ஒரு தடவை திரும்பி, மறுபடி போய். சொல்லச் சொல்ல மூச்சு சீரானது, சொல் சொல்லாக நெஞ்சிலிருந்து இறங்கியது. அவன் கூடவே நடந்தான். வாளிக்கு முன்னால் நின்றான். தாடையைத் தேய்த்தான். திட்டப்போகிறான் என்று காத்திருந்தாள், திட்டினால் நல்லது, யாராவது ஒருத்தர் திட்டட்டும்.

"அன்னிக்கிக் காத்தால," என்றான், "சைலன்சரைக் கழட்டுனதே நாந்தான் சிந்து. அரை நொடி கொறையும்னு. கூட்டாளிக வேண்டாம்னானுக."

இருவரும் ஐந்தாறு டைல்ஸ் நடந்தார்கள். அவனுக்குக் கண் சிவந்திருந்தது, அவள் பார்க்கக்கூடாதென்று மறுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். அப்புறம், கேட்கக்கூடாததைக் கேட்கிற சின்னப்பையன் குரலில், "பாத்தியா அப்ப? சுருங்குச்சா?"

"ஏழு மடிப்பு."

"ஏழா? போ. அந்த டயருக்கு அஞ்சுதான் வுழும்."

"ஏழுங்க. நா எண்ணுனேன்." அழுதுகொண்டே சொன்னாள், அழுகைக்குள் கோபம் கூட வந்தது. "அஞ்சுங்கறீங்க, நீங்க அந்தக் கோடியில நின்னுட்டு."

"இதென்னடா, ஆஸ்பத்திரில சண்டை," என்று மாப்புக் கட்டையோடு வந்த பழனாத்தாள் எட்டிப் பார்த்தாள். "அட, புள்ள தூங்கிருச்சுங் கண்ணு! பேசாத, பேசாத. அப்படியே கொண்டா."

தோளில் பாரம் கூடியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள். தூங்கும் குழந்தைக்கு மட்டும் வருகிற அந்தப் பாரம். அறைக்குள் மஞ்சள் விளக்கு, பஞ்சு ஒட்டிய சுவர்கள், உள்ளே நுழைந்ததும் வெளியுலகத்தின் சத்தமெல்லாம் யாரோ துடைத்தெடுத்த மாதிரி நின்றது. குழந்தையைப் படுக்கையில் கிடத்திக்கொண்டே, "மேடம், காலைல ஒண்ணு தப்பாச் சொல்லிட்டனுங்க," என்றாள். நஸ்ரீன் மேடம் கேட்டாள், முகம் மாறாமல் கேட்டாள், படிவத்தை எடுத்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினாள். "சரிம்மா. சொன்னது நல்லது. இப்ப நாம யாரும் பேசக்கூடாது." நாற்பது நிமிடம் யாரும் பேசவில்லை. திரையில் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன, நெளிந்தவையும் நெளியாதவையும், எது நல்லது எது கெட்டது என்று தெரியாமல் அத்தனையையும் சிந்துஜா மனப்பாடம் செய்தாள். இமை மூடிய அந்த முகத்துக்குள் எங்கோ டிக் டிக் என்று ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார், திற சாமி, திற.

"வலது காது நல்லா இருக்கும்மா," என்றாள் நஸ்ரீன் மேடம். "ரொம்ப மெதுவான சத்தத்துக்கும் பதில் வந்துருக்கு. இடது காதுல எவ்வளவு கூட்டி வெச்சும் பதில் வரல. இன்னும் ரெண்டு டெஸ்ட் எடுக்கணும், டாக்டரைப் பாக்கணும். ஒரு காது நல்லா இருக்கறதால பேச்சு வந்துரும், நாம கூடவே இருந்து கவனிக்கணும்."

"அந்தச் சத்தத்தாலயா மேடம்?"

"அதனாலன்னும் என்னால சொல்ல முடியாது, அதனால இல்லேன்னும் சொல்ல முடியாது. ஒரு காதுல இப்படி வர்றதுக்கு எத்தனையோ இருக்கு. பல பேருக்குக் கடைசி வரைக்கும் காரணமே தெரியறதில்ல."

தெரியாது. மூன்று அருள் நிறைந்த மரியே என்று யாராவது எண்ணிக்கை கொடுத்திருந்தால் சொல்லி முடித்திருப்பாள். இதற்கு எண்ணிக்கை இல்லை, இதைக் கூடவே வைத்துக்கொண்டு சமைக்கவும் துணி துவைக்கவும் வேண்டும். லோகு மருந்துச்சீட்டை வாங்க வரிசையில் நின்றான். ஆதிரை விழித்து, நெற்றியில் பசை காய்ந்த தடத்தோடு, தன் முஷ்டியை வாயில் திணித்துச் சப்பத் தொடங்கினாள். சிந்துஜா அவளைத் தூக்கி இடது தோளில் சாய்த்தாள், கை தானாகச் செய்தது அது, பிறந்த நாளிலிருந்து அப்படித்தான், வேலை செய்கிற வலது கை ஓய்வாக இருக்கட்டும் என்று எப்போதும் இடது தோள். சாய்த்த பிறகுதான் பார்த்தாள். தன் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது குழந்தையின் இடது காது. நாலு மாதமாகப் பேசியதெல்லாம், சாமியும் ராசாத்தியும் தூங்கிருவும், திறக்காத இந்தக் கதவில். நல்ல காது அந்தப்பக்கம் காற்றைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, தூங்கும்போதோ தன் தோளிலேயே அமுங்கிக் கிடந்திருக்கிறது. கழுத்தையும் முதுகையும் இரண்டு கையாலும் தாங்கி, மெல்ல, குழந்தையை வலது தோளுக்கு மாற்றினாள். பழக்கமில்லாத தோள், எலும்பு துருத்திற்று, முந்தானையை மடித்து வைத்தாள். இப்போது பூனைக்குட்டியின் காது மாதிரி மென்மயிர் படர்ந்த வலது காது அவள் உதட்டுக்கு அருகில் இருந்தது. என்ன சொல்வது? காலையிலிருந்து நிற்காமல் வந்த சொற்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன, புது ஆளிடம் முதன்முதலாகப் பேசுகிற கூச்சம். உதட்டை அந்தக் காதில் படாமல் வைத்து, தனக்கே கேட்காத அளவுக்குத் தணித்து, பெயரை மட்டும் சொன்னாள்.

முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்த வாய் நின்றது.